பேருருக் கொண்ட பெயர்கள்: வாசகர் கேள்வி – பதில்

படக்கதை நாயகர்களுக்கும் அவர்களைப் படைத்தவர்களுக்கும் உண்மையை விடப் பெரிய பெயர் எவ்வாறு வந்து சேர்கிறது என்பதைப் பற்றி வாசகர்கள் எழுதிய கடிதங்களில் சிலவற்றை இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டிருக்கிறேன். சிறுவயது முதல் இந்தக் கதைகளோடு வாழ்ந்தவன் என்பதால், சில பதில்கள் வழக்கத்தை விட நீண்டுவிட்டன.

முகமூடி வீரர் மாயாவிக்குச் சாவே இல்லை, அவருக்குப் பத்துப் புலிகளின் பலம் உண்டு என்றெல்லாம் அந்தக் கதைகளில் வரும். இவ்வளவு மிகையாகச் சொல்லியும் வாசகர்கள் அதை ஏற்றுக்கொண்டது எப்படி? – வாசகர், மதுரை

ஆங்கிலத்தில் 'தி ஃபேன்டம்' என்ற பெயரில் இந்தத் தொடரைப் படைத்து எழுதிய லீ ஃபால்க் வாசகரை ஏமாற்றவில்லை என்பதே காரணம் என்று நினைக்கிறேன். 1936ஆம் ஆண்டு பிப்ரவரி 17 அன்று அமெரிக்க நாளிதழ்களில் தொடங்கிய அந்தத் தொடரின் அடிப்படை இதுதான்: கடற்கொள்ளையரிடம் தந்தையைப் பறிகொடுத்துக் கரையொதுங்கிய ஒருவன், தந்தையைக் கொன்றவனின் மண்டையோட்டின் மீது, கொள்ளையையும் கொடுமையையும் அநீதியையும் தானும் தன் வழித்தோன்றல்களும் எதிர்ப்போம் என்று சபதம் செய்கிறான். அது நடந்தது 1536இல் என்று கதை சொல்கிறது. அவனுக்குப் பின் அவன் மகன், அந்த மகனுக்குப் பின் பேரன் என்று ஒருவர் இறந்ததும் அடுத்தவர் அதே முகமூடியை அணிகிறார். காட்டில் மண்டையோடு போன்ற குகையில் வாழும், நாம் படிக்கும் மாயாவி இருபத்தொன்றாமவர். காட்டுக்கு வெளியே இருப்பவர்கள் நானூறு ஆண்டுகளாக ஒரே மனிதரைப் பார்ப்பதாக நம்புகிறார்கள். அந்த மண்டையோட்டுக் குகையைக் காக்கும் பாண்டர் என்ற குள்ளர் இனத்தவருக்கும் நெருங்கிய சிலருக்கும் நமக்கும் மட்டுமே உண்மை தெரியும்.

உயர்வு நவிற்சி என்பது நம் இலக்கணம் ஏற்ற அணி. கேட்பவர் அதை உயர்வு நவிற்சி என்று அறிந்தே சுவைக்கிறார். மாயாவி கதைகளில் கட்டத்துக்குக் கட்டம் வரும் காட்டுப் பழமொழிகளும் அந்த வகையைச் சேர்ந்தவையே. மின்னலை விட வேகமானவர் என்ற பேச்சு ஒரு பக்கம் நடந்துகொண்டிருக்க, மறுபக்கம் அதே மனிதர் குண்டடிபட்டு, காய்ச்சலில் கிடந்து, குகையில் தன் முன்னோரின் குறிப்பேடுகளைப் படித்துக்கொண்டிருப்பதை நாம் பார்க்கிறோம். பெயர் எப்படி உண்டாக்கப்படுகிறது, யார் அதைப் பரப்புகிறார்கள், அதனால் என்ன பயன் கிடைக்கிறது என்று திரைக்குப் பின்னால் நடப்பது முழுவதையும் காட்டிவிட்ட கதை அது. குத்துப்பட்டவனின் தாடையில் மண்டையோட்டு மோதிரத்தின் முத்திரை விழுவதும் அந்த வேலையின் ஒரு பகுதியே. அடிபட்டவன் ஊர் ஊராகத் தன் முகத்திலேயே அந்தப் பெயரைச் சுமந்து செல்கிறான்.

ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. அந்தப் பெயர் நிற்பதற்குக் காட்டு மக்கள் எதையும் எளிதில் நம்பிவிடுபவர்களாக இருந்தாக வேண்டும். அவர்கள் கறுப்பர்கள், முகமூடிக்குள் இருப்பவர் வெள்ளையர். ஏகாதிபத்தியக் காலத்தின் பார்வை அது. பிற்காலத்தில் ஃபால்க் கதை நடக்கும் அந்தக் கற்பனை நாட்டை விடுதலை பெற்ற குடியரசாக்கி, லாமண்டா லுவாகா என்ற கறுப்பினத்தவரைத் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவராகக் கொண்டுவந்து, மாயாவியை அவருக்குத் துணைநிற்பவராக மாற்றினார். அது நல்ல மாற்றம்தான் என்றாலும், கதையின் அடித்தளத்தில் இருந்த குறையை அது முழுவதும் போக்கிவிடவில்லை.

லீ ஃபால்க் உலகம் முழுவதும் சுற்றியவர், கீழைநாட்டு ஞானிகளிடம் பயின்றவர் என்று எங்கோ படித்தேன். அது உண்மையா? – வாசகி, கோயம்புத்தூர்

அவர் எழுதத் தொடங்கிய நாளில் அது உண்மையில்லை. ஃபால்க் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரத்தில் 1911இல் பிறந்தவர். மந்திரவாதி மாண்ட்ரேக் தொடரை விற்பதற்காக அவர் நியூயார்க் சென்றபோது, அதுவே அவர் அதுவரை சென்ற மிகத் தொலைவான ஊர். தேசந்தேசமாகச் சுற்றும் நாயகனைப் பற்றி எழுதுபவனும் அப்படிச் சுற்றியவனாக இருக்க வேண்டும் என்று கருதித் தம் வாழ்க்கைக் குறிப்பைத் தாமே கற்பனையாக எழுதிக் கொடுத்ததாகப் பின்னாளில் அவரே ஒப்புக்கொண்டார். மாண்ட்ரேக் 1934இல் அச்சேறியது. கற்பனைக் குறிப்பும் கூடவே பரவியது.

அதன் பிறகு நடந்ததுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. உண்மையாகவே பயணம் செய்தவர்கள் அவரிடம் வந்து அனுபவங்களைப் பகிர்ந்துகொள்ள முற்பட்டபோது, தம் குட்டு வெளிப்பட்டுவிடுமே என்ற அச்சமும் ஒரு காரணமாக, அவர் நாடு நாடாகப் பயணம் செய்யத் தொடங்கினார். காலப்போக்கில் அந்தக் குறிப்பில் சொல்லப்பட்ட மனிதராகவே ஆகிவிட்டார். 1999இல் இறக்கும் வரை எழுதிக்கொண்டும் இருந்தார்.

சூப்பர்மேன் முதல் இதழிலேயே பறந்தாரா? என் மகனுக்கும் எனக்கும் இதில் வாக்குவாதம். – வாசகர், ஈரோடு

இல்லை. 1938இல் வந்த முதல் கதையில் அவர் எட்டில் ஒரு மைல் தூரம், அதாவது சுமார் இருநூறு மீட்டர், தாவுவார். விரைவு ரயிலை விட வேகமாக ஓடுவார். வெடிகுண்டை விடச் சிறிய எதுவும் அவர் தோலைத் துளைக்காது. அவ்வளவுதான். பறப்பது அதன் பிறகு வானொலித் தொடரிலும், 1941இல் தொடங்கிய அசைபடங்களிலும், பின்னர் படக்கதையிலுமாக வந்து சேர்ந்தது. தாவுகிறவர் பறப்பவராகி, பறப்பவர் கோள்களை நகர்த்துபவரானது முழுவதும் ஒருவர் சொன்னதற்கு அடுத்தவர் கண், காது, மூக்கு வைத்ததால்தான்.

அவருடைய வலிமை இப்படிக் கூடிக்கொண்டே போன ஆண்டுகளில், அவரைப் படைத்த ஜெர்ரி சீகலும் ஜோ ஷூஸ்டரும் வறுமையை நோக்கிச் சென்றுகொண்டிருந்தார்கள் என்பதையும் மகனிடம் சொல்லுங்கள். முதல் கதையோடு உரிமையையும் சேர்த்து அவர்கள் விற்ற விலை 130 டாலர். ஜெர்ரி ராபின்சன், நீல் ஆடம்ஸ் ஆகிய ஓவியர்கள் முன்னின்று போராடிய பிறகு, 1975இன் இறுதியில்தான் அவர்களுக்கு ஆண்டு உதவித்தொகையும் 'படைத்தவர்கள்' என்ற அச்சிட்ட வரியும் கிடைத்தன.

பேட்மேனைப் படைத்தவர் பாப் கேன் என்றே நெடுங்காலமாகப் படித்துவந்தோம். இப்போது வேறொரு பெயரும் சேர்ந்து வருகிறது. ஒரு படைப்பாளியின் புகழ் இப்படிப் பெருகியது எவ்வாறு? – வாசகர், திருச்சி

இந்தக் கேள்வி எனக்கு மனவேதனை தருவது. ஆகவே சற்று விரிவாகவே சொல்கிறேன். சூப்பர்மேனின் வெற்றியைக் கண்ட பதிப்பாளர்கள் அதுபோல் இன்னொரு நாயகன் வேண்டும் என்றபோது, பாப் கேன் ஓர் உருவத்தை வரைந்தார். சிவப்பு உடை, கண்களை மட்டும் மறைக்கும் சிறு முகமூடி, விறைத்து நிற்கும் இறக்கைகள் என்று இருந்த அந்த ஓவியத்தைத் தம் நண்பர் பில் ஃபிங்கரிடம் காட்டினார். காது வைத்த முழுமுகமூடி, இறக்கைக்குப் பதிலாக விளிம்பு வெட்டிய மேலாடை, கையுறை, சாம்பல் நிறம் என்று இன்று நமக்குத் தெரிந்த உருவத்தின் பெரும்பகுதி ஃபிங்கர் சொன்னது. 1939 மே மாத இதழில் வந்த முதல் கதையை எழுதியவரும் அவரே. புரூஸ் வெயின் என்ற பெயரும் கோத்தம் என்ற நகரத்தின் பெயரும் அவர் தந்தவை.

கேன் பதிப்பகத்தோடு செய்துகொண்ட ஒப்பந்தப்படி, இதழ்களில் அச்சாகியது கேன் பெயர் மட்டுமே. ஃபிங்கர் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகப் பெயரில்லாமல் எழுதினார். ஓவியத்திலும் அதே நிலைதான். ஷெல்டன் மோல்டாஃப் 1953 முதல் 1967 வரை வரைந்த பக்கங்கள் கேன் பெயரில் வெளிவந்தன. இதழுக்கு இதழ் ஒரே பெயரைப் பார்த்த வாசகன், ஒரே மனிதர் இவ்வளவையும் சிந்தித்து, எழுதி, வரைகிறார் என்றுதான் நினைப்பான். கேன் என்ற மாபெரும் கலைஞரின் பிம்பம் இவ்வாறு எழுந்ததற்கு யாரும் மேடையேறிப் பொய் சொல்ல வேண்டியிருக்கவில்லை. முதல் பக்கத்தின் மூலையில் இருந்த அந்தக் கையெழுத்தே மாதந்தோறும் அதைச் செய்துவந்தது.

1965இல் நியூயார்க்கில் நடந்த வாசகர் கூட்டம் ஒன்றில் ஃபிங்கர் தம் பங்கைப் பற்றிப் பேசினார். அதை ஒருவர் கட்டுரையாக எழுதிப் பரப்பவும் செய்தார். கேன் உடனே பகிரங்கக் கடிதம் எழுதி மறுத்தார். ஃபிங்கர் 1974 ஜனவரியில், அறுபது வயது நிறைவதற்கு முன்பே, கையில் பணமின்றி இறந்தார். அவருக்கு உரிய புகழ் கிடைக்கவில்லை என்று கேன் வருந்தி எழுதியது 1989இல் வந்த தம் சுயசரிதையில்தான். படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. ஒரு வரி அச்சிடச் சொல்லியிருக்க அவருக்கு இருபது ஆண்டுகளுக்கும் மேல் அவகாசம் இருந்தது.

மார்க் டைலர் நோபிள்மன் என்ற எழுத்தாளர் ஃபிங்கரின் பேத்தியைத் தேடிக் கண்டுபிடித்தார். குடும்பத்தின் உரிமைக் கோரிக்கைக்கு அது வழிவகுத்தது. 2015 செப்டம்பரில் பதிப்பகம் ஃபிங்கரின் பெயரையும் சேர்ப்பதாக அறிவித்தது. பேட்மேன் கதைகளில் இப்போது 'பில் ஃபிங்கருடன் இணைந்து பாப் கேன் படைத்தது' என்ற வரி வருகிறது. நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் இருவரும் அமர்ந்து பேசிய பூங்காவை ஒட்டிய ஒரு தெருமுனைக்கு 2017இல் ஃபிங்கரின் பெயர் வைக்கப்பட்டது.

இரக்கமும் மிகைப்படுத்தும் என்பதை இந்த வரலாற்றிலேயே காணலாம். ஃபிங்கர் அநாதையாக, ஏழைகளின் பொதுக் கல்லறையில் புதைக்கப்பட்டார் என்று பல ஆண்டுகளாகச் சொல்லப்பட்டுவந்தது. நோபிள்மன் தேடிப் பார்த்தபோது தெரியவந்தது வேறு: மகன் ஃபிரெட், தந்தையின் அஸ்தியை ஆரிகன் மாநிலக் கடற்கரைக்கு எடுத்துச் சென்று, மணலில் வௌவால் வடிவத்தில் தூவி, அலைகள் கொண்டுசெல்ல விட்டிருக்கிறார். பொதுக் கல்லறைக் கதையை நானும் நம்பிப் பிறரிடம் சொல்லியிருக்கிறேன். அது மகனின் செயலை மறைத்துவிட்ட தவறு என்று இப்போது உணர்கிறேன்.

ஸ்டான் லீயையும் பாப் கேனைப் போன்றவராகவே கருத வேண்டுமா? – வாசகி, யாழ்ப்பாணம்

மார்வெல் படக்கதைகளின் எழுத்தாளரும் ஆசிரியருமான ஸ்டான் லீயை அப்படி ஒரே தட்டில் வைக்க மாட்டேன். ஓவியர்களின் பெயரே வராத காலத்தில், எழுதியவர், வரைந்தவர், மை தீட்டியவர், எழுத்துப் பொறித்தவர் என்று அனைவரின் பெயரையும் கதையின் முதல் பக்கத்தில், செல்லப் பட்டங்களோடு, தொடர்ந்து அச்சிட்டவர் லீ. அவரோடு பணியாற்றிய ஓவியர் ஜாக் கிர்பிக்கு 'ராஜா' என்ற பட்டம் நிலைத்ததும் அந்த இதழ்களால்தான்.

சிக்கல் வேலை நடந்த முறையில் இருந்தது. லீ கதைக்கருவைச் சுருக்கமாகப் பேசுவார். ஓவியர் இருபது பக்கங்களையும் காட்சி காட்சியாகத் தாமே அமைத்து வரைவார். பிறகு லீ உரையாடல்களை நிரப்புவார். அப்படியானால் கதையை எழுதியவர் யார்? 'கதை: ஸ்டான் லீ' என்ற வரி அந்தக் கேள்விக்கு மிக எளிய விடையைத் தந்துவிட்டது. 1966இல் வந்த ஃபென்டாஸ்டிக் ஃபோர் கதையின் பக்கங்களைக் கிர்பி கொண்டுவந்தபோது, வானில் பலகையின் மீது மிதந்துவரும் ஒரு வெள்ளி மனிதனைக் கண்டு, இவர் யார் என்று தாம் கேட்க நேர்ந்ததை லீயே பலமுறை சொல்லியிருக்கிறார். சில்வர் சர்ஃபர் பிறந்தது அப்படித்தான்.

அதே ஆண்டின் தொடக்கத்தில் நியூயார்க் நாளிதழ் ஒன்றில் வந்த நீண்ட கட்டுரை, லீயை மேதையாகவும் கிர்பியை ஏதோ ஆலையின் துணை மேற்பார்வையாளர் போலவும் வருணித்தது. இருவரும் இருந்த அறைக்கு வந்து பார்த்து எழுதப்பட்ட கட்டுரை அது. பேசத் தெரிந்தவர் ஒருவரும், குனிந்து வரைபவர் ஒருவரும் இருந்தால் செய்தியாளரின் கண் யாரிடம் செல்லும் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டியதில்லை. கிர்பி 1970இல் விலகினார். 1972இல் தம் கதையொன்றில் லீயைக் கேலிசெய்யும் ஒரு பாத்திரத்தையும் படைத்தார். பாத்திரங்களின் உரிமை குறித்து நீதிமன்றம் வரை சென்ற வழக்கு 2014இல் கிர்பி குடும்பத்தோடு சமரசத்தில் முடிந்த பிறகு, இருவர் பெயரும் சேர்ந்தே வருகின்றன. என் கருத்தில் லீயின் உரையாடலும் கிர்பியின் கற்பனையும் ஒன்றில்லாமல் ஒன்று இவ்வளவு தூரம் வந்திருக்காது. ஆனால் கிர்பியின் பங்கைப் புரிந்துகொள்ள விரும்புவோர், பேச்சுக் குமிழ்களை மறைத்துக்கொண்டு அந்தப் பக்கங்களை ஒருமுறை பார்க்க வேண்டும்.

இல்லாத பெருமை சேர்வதைப் போல, இல்லாத இழிவும் சேர்வதுண்டா? – வாசகர், சேலம்

உண்டு. அக்வாமேன் 1941இல் தோன்றிய கடல்நாயகன். 1973இல் தொடங்கிய ஒரு தொலைக்காட்சி அசைபடத் தொடரில், நிலத்தில் நடக்கும் கதைகளில் அவருக்குச் செய்ய ஒன்றுமில்லாமல் போக, 'மீனோடு பேசுவதைத் தவிர எதற்கும் உதவாதவர்' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. அந்தத் தொடரைப் பார்த்து வளர்ந்தவர்கள் நகைச்சுவை எழுத்தாளர்களாக ஆனபோது அந்தக் கேலி இன்னும் பெருகியது. 2011இல் ஜெஃப் ஜான்ஸ் எழுதிய புதிய தொடர், அந்த அவப்பெயரையே கதைக்குள் எடுத்துக்கொண்டது. காவலர்களும் உணவகத்தில் இருப்பவர்களும் அவரைக் கேலி செய்ய, அவர் பொறுமையோடு கேட்டுக்கொள்கிறார். 2018இல் வந்த திரைப்படம் உலகெங்கும் நூறு கோடி டாலருக்கு மேல் வசூலித்த பிறகு, கேலி பெரும்பாலும் அடங்கிவிட்டது.

படைப்பாளிகளில் இதற்கு ஸ்டீவ் டிட்கோவைச் சொல்வேன். ஸ்பைடர்மேனை 1962இல் லீயோடு சேர்ந்து உருவாக்கி, முப்பத்தெட்டாம் இதழோடு விலகியவர். அறுபதுகளுக்குப் பிறகு பேட்டி தரவில்லை, படம் எடுக்க விடவில்லை என்பதால், உலகைத் துறந்து ஒளிந்து வாழ்பவர் என்று அவரைப் பற்றி எழுதினார்கள். ஆனால் அவர் மான்ஹாட்டனில் உள்ள தம் பணியறைக்குத் தவறாமல் சென்றார். வாசகர் கடிதங்களுக்குக் கைப்பட மறுமொழி எழுதினார். 2018இல் தொண்ணூறு வயதில் மறையும் காலம் வரை புதிய படக்கதைகளையும் கட்டுரைகளையும் வெளியிட்டுக்கொண்டிருந்தார். தம் படைப்பு பேசட்டும் என்று இருந்த ஒருவரை மர்ம மனிதர் என்று அழைத்தது, அவரிடம் பேட்டி கிடைக்காதவர்களின் ஏமாற்றம்.

நான் இரும்புக்கை மாயாவியோடு வளர்ந்தவன். என் பேரன், 'தாத்தா, இதை யார் எழுதினார்கள், யார் வரைந்தார்கள்?' என்று கேட்கிறான். ஐம்பது ஆண்டுகளாகப் படித்தும் எனக்குத் தெரியவில்லை. – வாசகர், விருதுநகர்

தெரியாமல் போனது தங்கள் குற்றம் இல்லை. 1972இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் அவரை நமக்கு அறிமுகப்படுத்துவதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன்பு, 1962இல், இங்கிலாந்தின் வேலியன்ட் என்ற வார இதழில் அவர் தோன்றினார். அக்காலத்து ஆங்கிலேய வார இதழ்கள் எழுதியவர் பெயரையும் வரைந்தவர் பெயரையும் அச்சிடுவதில்லை. அங்கேயே இல்லாத பெயர் கடல் தாண்டி இங்கு வருவதற்கு வழியே இல்லை.

மின்சாரம் பாய்ந்ததும் இரும்புக்கை மட்டும் தெரிய உடல் மறைந்துபோகும் அந்த இரும்புக்கை மாயாவி, அதாவது லூயிஸ் கிராண்டல், முதல் கதையில் நல்லவனும் இல்லை. தனக்குக் கிடைத்த ஆற்றலால் மதிமயங்கிக் குற்றவழியில் சென்றவன். பிறகுதான் திருந்தி உளவுத்துறைக்குப் பணிபுரிந்தான். நம் நாட்டில் அவருக்குக் கிடைத்த மரியாதையோ முழுக்க முழுக்க நாயகனுக்கு உரியது. பிறந்த நாட்டில் பழைய இதழ்களைச் சேர்ப்பவர்கள் நினைவுகூரும் ஒரு பாத்திரத்தின் பெயரைத் தமிழ்நாட்டில் தாத்தாவும் பேரனும் ஒருசேரச் சொல்கிறார்கள்.

பேரனிடம் சொல்ல மூன்று பெயர்கள் உண்டு. முதலில் எழுதியவர் கென் புல்மர். அவருக்குப் பின் நெடுங்காலம் எழுதியவர் டாம் டல்லி. அந்த இருளையும் ஒளியையும் இரும்பு விரல்களையும் வரைந்தவர், ஸ்பெயினின் பார்சிலோனாவைச் சேர்ந்த ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோ. ஆங்கில எழுத்துக்கூட்டலைப் பார்த்துப் பேரன் 'ஜீசஸ்' என்று படித்தால், ஸ்பானிய மொழியில் அது 'ஹெசூஸ்' என்றே ஒலிக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்லிக்கொடுங்கள்.